இட்லியின் அடர்த்தி: நிறையும் பருமனும் காணும் முறை

இட்லி என்பது ஆவியில் வெந்த, நடு தடித்து ஓரம் மெலிந்த, வட்ட வடிவத் திண்பொருள். அதன் நிறையைத் தராசு சொல்லும். பருமனைத் தட்டின் குழி ஓரளவுக்குச் சொல்லும். இட்லி நன்றாக வந்திருக்கிறதா என்பதை இவ்விரண்டுக்கும் உள்ள விகிதம்தான் சொல்லும். அந்த விகிதத்துக்கு அடர்த்தி என்று பெயர். ‘பூ மாதிரி இருக்கு’, ‘பஞ்சு மாதிரி இருக்கு’, ‘கல்லு மாதிரி இருக்கு’ என்று காலை ஏழரைக்கும் எட்டேகாலுக்கும் இடையே வீடுகளில் வழங்கப்படும் தீர்ப்புகள் மூன்றும் அடர்த்தியைப் பற்றியவையே. தீர்ப்பு வழங்குபவரிடம் அந்நேரத்தில் தராசும் இருப்பதில்லை, அளவு உருளையும் இருப்பதில்லை. கையில் இருப்பது ஒரு விள்ளல் மட்டுமே.

இட்லி முதலில் எந்த ஊரில் வெந்தது என்பது பற்றிக் கன்னட நாட்டாருக்கும் தமிழ்நாட்டாருக்கும் இடையிலான வழக்கு நெடுங்காலமாக நிலுவையில் உள்ளது. நடுவில் இந்தோனேசியாவையும் சிலர் வாதியாகச் சேர்த்தார்கள். அடர்த்திக்குப் பிறப்பிடம் ஒரு பொருட்டல்ல. ஆகவே அவ்வழக்கு இங்கே விசாரிக்கப்படவில்லை.

சொல்லும் அலகும்

ஓர் அலகு பருமனுக்குள் எவ்வளவு நிறை அடங்கியிருக்கிறதோ அதுவே அடர்த்தி. நிறையைப் பருமனால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். அடர்த்தியைப் பருமனால் பெருக்கினால் நிறை கிடைக்கும். நிறையை அடர்த்தியால் வகுத்தால் பருமன் கிடைக்கும். மூன்றில் எந்த இரண்டு தெரிந்தாலும் மூன்றாவது தானே வந்து நிற்கும். பள்ளிக்கூடங்களில் இதற்கு ஒரு முக்கோணம் வரைவது வழக்கம். மேலே நிறை, கீழே அடர்த்தியும் பருமனும். எது வேண்டுமோ அதைக் கட்டைவிரலால் மறைத்துவிட்டு மிச்சத்தைப் பார்த்தால் சூத்திரம் தெரியும். இந்த முறையில் படித்துத் தேறியவர்கள் பிற்காலத்தில் எண்ணெய்க் கடையில் நிற்கும்போதும் கட்டைவிரலைத் தேடுவதுண்டு.

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் நிறை, பருமன் என்கின்றன. இலங்கைப் பாடநூல்கள் திணிவு, கனவளவு என்கின்றன. அடர்த்தி மட்டும் பாக்கு நீரிணையின் இரு கரையிலும் அடர்த்திதான். நிறையும் எடையும் ஒன்றல்ல என்பதை ஆசிரியர்கள் வலியுறுத்துவார்கள். நிலவுக்குக் கொண்டுபோன இட்லியின் எடை ஆறில் ஒரு பங்காகும், நிறை மாறாது. பருமனும் மாறாது என்பதால் அடர்த்தியும் மாறாது. இங்கே சரியாக வராத இட்லி அங்கே போயும் சரியாகாது.

அலகைப் பொறுத்தவரை, அறிவியலாருக்குக் கனமீட்டருக்குக் கிலோகிராம் பிடிக்கும். சமையலறைக்கு மில்லிலிட்டருக்குக் கிராம் போதும். பின்னதை ஆயிரத்தால் பெருக்கினால் முன்னது. நீரின் அடர்த்தி மில்லிலிட்டருக்கு ஒரு கிராம் என்று வருவது தற்செயல் அல்ல. 1795-இல் பிரான்சில் கிராம் என்ற அலகை வகுத்தபோதே, ஒரு கனசென்டிமீட்டர் நீரின் நிறை என்றுதான் வகுத்தார்கள். பின்னர் 1901 முதல் 1964 வரை லிட்டர் என்பது ஒரு கிலோகிராம் நீர் பிடிக்கும் இடம் என்றே சட்டம் இருந்தது. அந்த லிட்டர் இன்றைய லிட்டரைவிட 0.028 மில்லிலிட்டர் பெரிது. ஒரு சிட்டிகைக் கடுகுகூடப் பிடிக்காத இந்த வேறுபாட்டை நீக்க உலக நாடுகள் கூடிப் பேசி முடிவெடுத்தன. எந்த வீட்டு இட்லியும் இதனால் பாதிக்கப்பட்டதாகத் தெரியவில்லை.

படியும் தராசும்

இட்லியின் வரலாறு அரிசி அளப்பதில் தொடங்குகிறது. அரிசி அளப்பதில் தமிழர் நிறையைவிடப் பருமனையே நம்பி வந்தவர்கள். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி அல்லது படி, எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். இத்தனையும் முகத்தல் அளவை, அதாவது பருமன். பொன்னுக்கும் மணிக்கும் நிறுத்தல். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் பொன்னை நிறுத்த கல்லுக்கு ஆடவல்லான் என்று பெயர். நெல்லை அளந்த மரக்காலுக்கும் ஆடவல்லான் என்றுதான் பெயர். நிறையின் அலகும் பருமனின் அலகும் ஒரே பெயரில் வழங்கியதால், இராசராசன் காலத்து அடர்த்தியை ‘ஓர் ஆடவல்லானுக்கு இத்தனை ஆடவல்லான்’ என்றே சொல்லியிருக்க வேண்டும். அப்படி எவரும் சொன்னதாகக் கல்வெட்டு இல்லை. சொன்னவர் இருந்திருந்தால் கேட்டவர் எழுந்து போயிருப்பார்.

படியில் ஒரு சிக்கல் உண்டு. அரிசிமணியின் அடர்த்தி மில்லிலிட்டருக்குச் சுமார் 1.45 கிராம். ஆகவேதான் கழுவும்போது அரிசி அடியில் தங்குகிறது. ஆனால் ஒரு லிட்டர் பாத்திரம் நிறைய அரிசியை அள்ளி நிறுத்தால் ஏறக்குறைய 800 கிராம்தான் வரும். மிச்சம் காற்று. மணிக்கும் மணிக்கும் இடையே ஒளிந்திருக்கும் காற்று, பாத்திரத்தின் கொள்ளளவில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல். முன்னதை மணியடர்த்தி என்றும் பின்னதைக் குவியலடர்த்தி என்றும் சொல்லலாம். கடைக்காரருக்கும் வாங்குபவருக்கும் தலைமுறை தலைமுறையாக நடந்த சண்டை இந்த இரண்டாவது அடர்த்தியைப் பற்றியது. குலுக்கி அளந்தால் மணிகள் நெருங்கும், காற்று வெளியேறும், வாங்குபவருக்கு ஆதாயம். மெல்லச் சாய்த்து அளந்தால் கடைக்காரருக்கு ஆதாயம். கூம்பாகக் குவித்து அளப்பதா, தலைதட்டி அளப்பதா என்பது தனி வழக்கு. கடன் கொடுக்கும்போது தலைதட்டியும் திரும்ப வாங்கும்போது கூம்பாகவும் அளக்கும் கை எல்லாத் தெருவிலும் ஒன்று இருந்தது. போதாததற்கு ஊருக்கு ஊர் படியே வேறு.

1956-இல் எடை, அளவைச் சட்டம் வந்து, 1958 அக்டோபர் முதல் கிலோகிராம் கடைகளுக்குள் நுழைந்தது. படி படிப்படியாகப் போயிற்று. தராசுக்குக் காற்று தெரியாது. குலுக்கினாலும் குலுக்காவிட்டாலும் ஒரு கிலோ ஒரு கிலோதான். சண்டை கடையை விட்டு வெளியேறி வீட்டுக்குள் வந்தது. ஏனென்றால் வாங்குவது கிலோவில், சமைப்பது டம்ளரில். மின்சாரக் குக்கரோடு வரும் 180 மில்லிலிட்டர் கிண்ணம் நிறைய அரிசி போட்டால் சுமார் 150 கிராம் பிடிக்கும். குவியலடர்த்தி 0.83. அந்த 150-ஐ மனத்தில் வைத்துக்கொண்டால், ஒரு கிலோ அரிசி எத்தனை கிண்ணம் என்ற கேள்விக்கு 1000-ஐ 150-ஆல் வகுத்து ஏறக்குறைய ஆறே முக்கால் என்று சட்டெனச் சொல்லிவிடலாம்.

இட்லிக்கு நாலுக்கு ஒன்று என்பது பரவலான கணக்கு. நாலு டம்ளர் இட்லி அரிசி, ஒரு டம்ளர் உளுந்து. இரண்டின் குவியலடர்த்தியும் அதிகம் விலகாததால் டம்ளரில் அளந்தாலும் கிலோவில் நிறுத்தாலும் மாவு ஏறக்குறைய அதேதான். அவல் சேர்ப்பவர்கள் மட்டும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அவல் தட்டையானது, நிறையக் காற்றை அணைத்துக்கொண்டு உட்காருவது. ஒரு டம்ளர் அவலின் நிறை ஒரு டம்ளர் அரிசியின் நிறைக்குப் பக்கத்தில்கூட வராது. குறிப்பில் ‘100 கிராம் அவல்’ என்று எழுதியிருக்க, அரிசிக் கணக்கில் அரை டம்ளரைத் தாண்டிச் சற்றே போட்டு நிறுத்தியவரின் இட்லி வேறு பெயரில் வழங்கப்படும்.

மாவு

உளுந்து அரைபட்டு முடிந்ததா என்பதை அறிய நெடுங்காலமாக ஒரு சோதனை உண்டு. கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து, அரைத்த உளுந்தைக் கிள்ளிப் போட்டுப் பார்ப்பது. மிதந்தால் பதம், மூழ்கினால் இன்னும் கொஞ்சம் ஆட்ட வேண்டும். இதில் தராசு இல்லை, அளவு உருளை இல்லை, வகுத்தல் இல்லை. அரைக்க அரைக்க உளுந்துக்குள் காற்று புகுகிறது. நிறை அப்படியே இருக்கப் பருமன் பெருகுகிறது, அடர்த்தி குறைகிறது. அது ஒன்றுக்குக் கீழே இறங்கிய கணத்தில் மாவு மேலே வருகிறது. ஒன்று என்ற எல்லைக்கோட்டைத் தண்ணீரே கட்டிக் காக்கிறது. மெதுவடை நன்றாக வரும் வீடுகளில் எல்லாம் இந்தச் சோதனைச்சாலை அடுப்பங்கரையில் இயங்குகிறது. அங்கே தலைமை ஆய்வாளர் பெரும்பாலும் பாட்டி.

இதே நீதிமன்றத்துக்கு உழவர்களும் வழக்குக் கொண்டுவருவார்கள், நீரின் அடர்த்தியை மட்டும் மாற்றிக்கொண்டு. விதை நெல்லைத் தேர்வு செய்யும்போது, தண்ணீரில் ஒரு புது முட்டையைப் போடுவார்கள். அது மூழ்கும். பிறகு உப்பைக் கரைத்துக்கொண்டே வருவார்கள். முட்டை மேலெழுந்து ஒரு நாணயம் அளவுக்கு ஓடு தெரிந்ததும் உப்பு போதும். அந்தக் கரைசலில் நெல்லைக் கொட்டினால் பதரும் அரைக்காயும் மிதக்கும், திரண்ட விதை அடியில் நிற்கும். நின்றதை எடுத்து நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிவிட்டு விதைக்கலாம். முட்டை இங்கே அடர்த்திமானியாகப் பணியாற்றுகிறது. தூத்துக்குடி உப்பளங்களில் இதே வேலைக்குக் கண்ணாடிக் கருவி உண்டு. அங்கே ‘டிகிரி’ என்றால் வெப்பம் அல்ல, போமே அளவில் உப்புநீரின் அடர்த்தி. கடல்நீர் சுமார் மூன்று டிகிரியில் உள்ளே வரும். பாத்தி பாத்தியாக வெயிலில் சுண்டி இருபத்தைந்து டிகிரியை, அதாவது 1.2 அடர்த்தியை, எட்டும்போது உப்புப் பூக்கும்.

அரைத்து முடித்த இட்லி மாவின் அடர்த்தி ஒன்றைச் சற்றே தாண்டியிருக்கும். 1.1 என்று கொள்வோம். இரவில் அதற்குள் நுண்ணுயிர்கள் வேலை செய்கின்றன. லூக்கோனாஸ்டாக் மெசென்டராய்டஸ் என்ற பாக்டீரியா அவற்றில் முக்கியமானது. இட்லியைப் போலன்றி இதன் பெயரை ஒரே வாயில் விழுங்க முடியாது. அது கார்பன் டை ஆக்சைடை வெளியிடுகிறது. உளுந்தின் புரதமும் வழவழப்பும் அவ்வாயுவை வெளியே விடாமல் பிடித்து வைக்கின்றன. மாவு பொங்குகிறது. இங்கே கவனிக்க வேண்டியது, பொங்கிய மாவின் நிறை கூடவில்லை என்பதே. ‘ஒரு டப்பா மாவு ரெண்டு டப்பா ஆயிடுச்சு’ என்ற மகிழ்ச்சி பருமனைப் பற்றியது. இட்லி எண்ணிக்கையை அதை வைத்து இரட்டிப்பாக்கிக்கொண்டு விருந்தாளிகளை அழைப்பது கணக்கறிந்தவர் செயலல்ல.

பொங்கி வழிவதையும் கணக்கிடலாம். ஒரு வீட்டில் 2.2 கிலோ மாவு அரைத்து மூன்று லிட்டர் பாத்திரத்தில் ஊற்றி வைத்ததாகக் கொள்க. தொடக்கப் பருமன், நிறையை அடர்த்தியால் வகுக்க, 2.2 வகுத்தல் 1.1, இரண்டு லிட்டர். பாத்திரத்தில் ஒரு லிட்டர் இடம் மிச்சம். இரவு பதினோரு மணிக்கு இது தாராளமாகத் தெரியும். விடிவதற்குள் மாவு இருமடங்காகிறது என்றால் பருமன் நான்கு லிட்டர், அடர்த்தி 0.55. பாத்திரம் மூன்று லிட்டரைத்தான் கொள்ளும். ஒரு லிட்டர் மேடையில். அந்த ஒரு லிட்டரின் நிறை, அடர்த்தியைப் பருமனால் பெருக்க, 0.55 கிலோ. ஓர் இட்லிக்கு 47 கிராம் மாவு என்றால் கிட்டத்தட்டப் பன்னிரண்டு இட்லி கேஸ் அடுப்பின் கீழ் ஓடியிருக்கிறது. ‘கொஞ்சம் வழிஞ்சிடுச்சு’ என்ற சொல்லின் எண்வடிவம் இது. கோடையில் சென்னையிலும் மார்கழியில் ஊட்டியிலும் இந்த எண் ஒன்றாக இருக்காது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கல்யாண வீட்டுக் கணக்கும் இதுவே, சுழியங்கள் மட்டும் கூடும். முந்நூறு பேர், ஆளுக்கு நான்கு என்றால் 1200 இட்லி. நிறை 56.4 கிலோ. பொங்குவதற்கு முன் மாவு 51 லிட்டர், பொங்கிய பின் 102 லிட்டர். நூறு லிட்டர் அண்டா போதாது. சமையல் மாஸ்டர்கள் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. அண்டாவை ஒரு முறை பார்த்துவிட்டு ‘இன்னொண்ணு கொண்டா’ என்பார்கள். விடை அதேதான்.

இட்லியின் பருமன்

நிறை காண்பது எளிது. இட்லியைத் தராசில் வைத்தால் போயிற்று. பிழைகள் இரண்டு. சுடச்சுட வைத்தால் ஆவி போகப் போக எண் இறங்கிக்கொண்டே வரும். துணியில் வார்த்த இட்லியானால் அடிப்பகுதியில் கொஞ்சம் துணியோடு தங்கிவிடும். துணி நனையாமலோ, அவசரப்பட்டு எடுத்தாலோ இப்பிழை பெரிதாகும். தங்கியது இட்லியின் நிறையில் சேருமா துணியின் நிறையில் சேருமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. துணி துவைப்பவரின் கருத்தே இங்கு ஏற்கப்படுகிறது.

பருமன்தான் சிக்கல். முதல் வழி வடிவகணிதம். இட்லி என்பது இரண்டு கோளத் துண்டுகள் முகத்தோடு முகம் ஒட்டிய உருவம். அடித்துண்டு குழியின் வடிவம், மேல்துண்டு பொங்கிய வடிவம். ஒரு துண்டின் பருமன் காண, விளிம்பு வட்டத்தின் ஆரத்தை வர்க்கித்து மூன்றால் பெருக்கி, உயரத்தின் வர்க்கத்தைக் கூட்டி, வந்ததை உயரத்தாலும் பையாலும் பெருக்கி ஆறால் வகுக்க வேண்டும். எட்டு சென்டிமீட்டர் அகலமுள்ள இட்லிக்கு ஆரம் நான்கு. அடித்துண்டின் உயரம் ஒன்றரை என்றால் அதன் பருமன் 39 மில்லிலிட்டர். மேல்துண்டின் உயரம் 0.9 என்றால் 23. ஆக மொத்தம் 62 மில்லிலிட்டர். இந்தக் கணக்கு முடிவதற்குள் இட்லி ஆறிவிடும் என்பது இம்முறையின் முதன்மைக் குறை. காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலின் குடலை இட்லி இவ்வகையில் உயர்ந்தது. மந்தாரை இலை வேய்ந்த நீண்ட மூங்கில் குடலையில் வேகும் அது ஏறக்குறைய உருளை. ஆரத்தின் வர்க்கம், பை, நீளம், முடிந்தது. வடிவகணிதம் படித்தவர்கள் அதை விரும்புவதற்கு மிளகும் சுக்கும் மட்டும் காரணமல்ல.

இரண்டாம் வழி ஆர்க்கிமிடீசுடையது. சிராக்கூஸ் மன்னன் ஈரோனின் பொன்முடியில் வெள்ளி கலந்திருக்கிறதா என்று அறிய, முடியைத் தண்ணீரில் அமிழ்த்தி வழிந்த நீரைக் கொண்டு பருமன் கண்டார் என்று ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் எழுதி வைத்திருக்கிறார். பொன்னின் அடர்த்தி 19.3, வெள்ளியின் அடர்த்தி 10.5. ஒரே நிறைக்கு வெள்ளி ஏறத்தாழ இருமடங்கு இடம் பிடிக்கும், ஆகவே கலப்படம் வழியும் நீரில் தெரிந்துவிடும். எட்டுக் கிராம் எடையுள்ள ஒரு சவரன் சொக்கத்தங்கம் 0.41 மில்லிலிட்டர் இடத்தைத்தான் அடைக்கும். பொன்முடிக்கு இது சரி. மன்னன் முடிக்குப் பதில் இட்லியைக் கொடுத்திருந்தால் ஆர்க்கிமிடீஸ் தொட்டியை விட்டு எழுந்து ஓடியிருக்க மாட்டார். முதலில் இட்லி அமிழாது, மிதக்கும். விரலால் அழுத்தினால் விரலின் பருமனும் சேரும். அழுத்திப் பிடிப்பதற்குள் இட்லி தண்ணீரைக் குடித்துவிடும். குடித்த தண்ணீர் வழிந்த தண்ணீரில் சேராது. கடைசியில் பருமனும் கிடைக்காது, இட்லியும் கிடைக்காது.

மூன்றாம் வழி கடுகு. ரொட்டியின் பருமனை அளக்க வெளிநாட்டு ஆய்வகங்களில் கடுகின் நெருங்கிய உறவான ரேப் விதையைத்தான் பயன்படுத்துகிறார்கள். விதை ஓடும், ஓட்டைகளை நிரப்பும், ஆனால் உணவுக்குள் ஊறாது. அரை லிட்டர் டபராவில் கடுகை நிறைத்துத் தலைதட்ட வேண்டும். கடுகைத் தாம்பாளத்தில் கொட்டிவிட்டு, டபராவின் அடியில் கொஞ்சம் கடுகு பரப்பி, ஆறிய இட்லியை வைத்து, மேலே மிச்சக் கடுகைப் பொழிந்து மறுபடி தலைதட்ட வேண்டும். தாம்பாளத்தில் எஞ்சும் கடுகின் பருமனே இட்லியின் பருமன். அதை மில்லிலிட்டர் கோடு போட்ட குழந்தையின் பால்புட்டியில் அளக்கலாம். புட்டியைக் குழந்தை தர மறுத்தால் அடர்த்தியே கைகொடுக்கும். நூறு மில்லிலிட்டர் கடுகு 70 கிராம் இருந்தால் குவியலடர்த்தி 0.7. எஞ்சிய கடுகு 43.4 கிராம் என்று தராசு காட்டினால் 0.7-ஆல் வகுக்க 62 மில்லிலிட்டர். இட்லியின் மேல் ஒட்டிய சில கடுகுகளைத் தட்டிவிட்டுக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவை முன்கூட்டியே நடந்த தாளிப்பு என்று சொல்லி அப்படியே பரிமாறுவது ஆய்வு ஒழுக்கத்துக்கு மாறானது.

47 கிராமை 62-ஆல் வகுத்தால் 0.76. இதுவே நல்ல இட்லியின் அடர்த்தி என்று இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. ஒரு கனமீட்டர் இட்லி 760 கிலோ.

சாம்பாரில்

0.76 என்ற எண் சாம்பாரில் உயிர்பெறும். பருப்பும் உப்பும் கரைந்த சாம்பாரின் அடர்த்தியை 1.03 என்று கொண்டால், மிதக்கும் இட்லியில் மூழ்கும் பங்கு 0.76 வகுத்தல் 1.03, அதாவது நூற்றுக்கு எழுபத்து நான்கு. கால் பங்குதான் மேலே தெரியும். கடலில் மிதக்கும் பனிப்பாறைக்கு ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு உள்ளே இருக்கும். கப்பல்களுக்குப் பனிப்பாறையால் வந்த ஆபத்து இட்லியால் வந்ததில்லை என்றாலும் கணக்கு ஒன்றே. ஓட்டல்களில் ஒரு கிண்ணத்தில் பதினான்கு குட்டி இட்லிகளைச் சாம்பாரில் மிதக்கவிட்டுத் தருவதுண்டு. வந்து வைத்த உடனே எண்ணிப் பார்ப்பவருக்குப் பதினான்கும் தெரியும். தொலைபேசியில் பேசிவிட்டுத் திரும்புகிறவருக்கு ஒன்பது பத்துதான் தெரியும். சர்வர் மேல் ஐயப்பட வேண்டாம். இட்லியின் துளைகளிலிருந்த காற்றைத் தள்ளிவிட்டு அங்கே சாம்பார் குடியேறியிருக்கிறது. நிறை கூடிற்று, பருமன் அப்படியே இருக்கிறது, அடர்த்தி சாம்பாரைத் தாண்டியது. மிச்சம் நான்கைந்தும் அடியில் இருக்கும்.

எண்ணெயும் பாலும்

மிளகாய்ப்பொடிக்கு நல்லெண்ணெய் வாங்கும்போது அடர்த்தி பணமாகிறது. எண்ணெயின் அடர்த்தி சுமார் 0.92. ஒரு லிட்டர் எண்ணெய் 920 கிராம்தான். பாக்கெட்டில் லிட்டருக்குப் பக்கத்திலேயே சிறிய எழுத்தில் 910 கிராம் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து ஏமாற்று என்று பொங்குபவர்கள் உண்டு. அது ஏமாற்று அல்ல, இயற்பியல். சூடானால் எண்ணெய் விரியும். ஒரு லிட்டர் சோயா எண்ணெய் 21 டிகிரி வெப்பத்தில் 919 கிராம், 60 டிகிரியில் 893 கிராம். இந்த வசதியைக் கண்டுகொண்டு வெப்பநிலையை உயர்த்திக் குறிப்பிட்டு நிறையைக் குறைத்தவர்கள் இருந்ததால்தான், 2022-இல் நடுவண் அரசின் நுகர்வோர் துறை, வெப்பநிலையைக் குறிப்பிடாமல் நிகர அளவையும் நிறையையும் அச்சிடும்படி எண்ணெய் நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது.

செக்கு எண்ணெய்க் கடைகளில் ஒரு கடை லிட்டரில் விற்கும், எதிர்க்கடை கிலோவில் விற்கும். ஒரு லிட்டர் 280 ரூபாய், ஒரு கிலோ 300 ரூபாய் என்றால் எது மலிவு? கிலோ விலையை அடர்த்தியால் பெருக்கினால் லிட்டர் விலை வரும். 300 பெருக்கல் 0.92, 276 ரூபாய். கிலோதான் மலிவு, நாலு ரூபாய். இருபது ரூபாய் மிச்சம் என்று எண்ணி லிட்டர் கடைக்குள் நுழைந்தவர் நாலு ரூபாய் விட்டுவிட்டு வருகிறார். தேனில் கதை தலைகீழ். தேனின் அடர்த்தி 1.4. அரைக் கிலோ தேன் 357 மில்லிலிட்டர் புட்டியில் அடங்கிவிடும். புட்டி சின்னதாக இருக்கிறதே என்று கடைக்காரரிடம் சண்டை பிடிப்பது வீண்.

இட்லிக்குப் பின் வரும் காப்பிக்கான பாலின் அடர்த்தி சுமார் 1.03. அரை லிட்டர் பாக்கெட்டில் 515 கிராம் பால். பால்மானி என்ற கண்ணாடிக் கருவி பாலில் மிதந்தபடி இந்த எண்ணைக் காட்டும். 30 என்று காட்டினால் 1.030. தண்ணீர் ஊற்றினால் எண் இறங்கும். ஆகவே பால்மானியைக் கண்டு பால்காரர் அஞ்ச வேண்டும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் பாலில் உள்ள கொழுப்பு தண்ணீரைவிட லேசானது. ஆடையை எடுத்துவிட்டால் பாலின் அடர்த்தி உயர்ந்துவிடும். உயர்ந்த பிறகு அளவாகத் தண்ணீர் ஊற்றினால் பழைய 30-க்கே திரும்பிவிடும். கருவி நல்ல பால் என்று சான்றிதழ் தரும். ஒரே எண்ணுக்கு இரண்டு வழியில் வந்து சேரலாம் என்பதை அடர்த்தி அறிவியலுக்கு உணர்த்தியவர்கள் பேராசிரியர்கள் அல்லர். கூட்டுறவுச் சங்கங்கள் பால்மானியோடு கொழுப்பையும் தனியே சோதிப்பது இதனால்தான்.

கல் என்ற குற்றச்சாட்டு

இனித் தொடக்கத்தில் சொன்ன மூன்று தீர்ப்புகளையும் மேல்முறையீட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

‘பஞ்சு மாதிரி’ என்பது தவறான பாராட்டு. பருத்தி இழையின் அடர்த்தி 1.54. அது இட்லியைப்போல் இருமடங்கு. பஞ்சு லேசாக இருப்பது இழையால் அல்ல, இழைகளுக்கு நடுவே உள்ள காற்றால். சொல்ல வந்தது குவியலடர்த்தி என்றால் அதைத் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். ‘மல்லிகைப்பூ மாதிரி’ என்பதைச் சரிபார்க்க வழியே இல்லை. மல்லிகை உதிரியாகக் கிராமில் விற்கிறது, தொடுத்ததும் முழத்தில் விற்கிறது. நிறையும் நீளமும் இருக்கின்றன, பருமன் இல்லை. முழத்துக்கு இத்தனை கிராம் என்பது வேறொரு அடர்த்தி. அதுவும் பூக்காரர் கையின் நீளத்தைப் பொறுத்தது.

‘கல்லு மாதிரி’ என்பதற்கு மட்டும் கணக்கு உண்டு. இட்லியில் மூன்றில் இரண்டு பங்கு நீரும் ஒரு பங்கு அரிசி, உளுந்துத் திடப்பொருளும் என்று கொள்க. திடப்பொருளின் அடர்த்தி 1.45. துளிக் காற்றுகூட இல்லாமல் இறுகிப்போன இட்லியின் பருமனைக் கண்டு நிறையை வகுத்தால் 1.12 வரும். மாவு பொங்காவிட்டாலும், மாவைத் தட்டில் அமுக்கி வைத்தாலும், அரைத்தவருக்கு யார் மேல் கோபமானாலும், இட்லியின் அடர்த்தி இந்த எல்லையைத் தாண்டாது. நல்ல இட்லியின் 0.76-ஐ இதோடு ஒப்பிட்டால் அதில் மூன்றில் ஒரு பங்கு காற்று என்பதும் தெரியவரும். கருங்கல்லின் அடர்த்தி 2.7. எவ்வளவு மோசமான இட்லியும் கல்லின் பாதியைக்கூட எட்ட முடியாது. குற்றச்சாட்டு அடர்த்தியின் அடிப்படையில் தள்ளுபடி செய்யப்படுகிறது. கடினத்தன்மையின் அடிப்படையில் வழக்குத் தொடர விரும்புவோர், அடுத்த வேளைக்கு உளுந்தைத் தாமே ஊறவைத்து, தாமே அரைத்து, அந்த இட்லியோடு வரலாம்.